பிள்ளையின் நாவும் யந்திரத்தின் செவியும்

கிழக்கிலங்கைக் கரையோர ஊரான கல்முனையின் மேற்கோரத்தில், வயல்வெளிக்கு அண்மையாக, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனையில் பிறந்த ஒரு பிள்ளை, முதலாந் தரத்தில் பாட்டும் விளையாட்டுமாக ஆங்கிலத்தைத் தொட்டு, மூன்றாந் தரத்திலிருந்து பாடநூல் வழியாக அதனைப் பயின்று, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அமரும்போது, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை அம்மொழிக்குச் செலவிட்டிருக்கும். ஆயினும், வெளியூரார் ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால், விடையை மனத்துக்குள் எழுதிப் பார்த்து, இலக்கணப் பிழை திருத்தி, பின்னரே வாய் திறக்கவேண்டிய நிலையில்தான் அப்பிள்ளை நிற்கிறது. அதற்குள் கேட்டவர் வேறொருவரிடம் போய்விடுகிறார். இதற்குக் காரணம் பிள்ளையின் மந்தபுத்தியும் அன்று, ஆசிரியரின் அசிரத்தையும் அன்று. பரீட்சை என்பது நெடுங்காலமாக எழுத்துப் பரீட்சையாகவே இருந்துவந்தமையால், ஆங்கிலம் அப்பிள்ளையிடம் கண்வழியே வந்து கைவழியே வெளியேறியது. செவியும் நாவும் அதில் சம்பந்தப்படவே இல்லை.

இக்கரையோரம் ஆங்கிலத்தை அறியாத பிரதேசமும் அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே மெதடிஸ்த மிஷனரிமார் கல்முனையில் கல்விப்பணி தொடங்கிவிட்டனர். 1892இல் காரைதீவில் பிறந்து, பின்னாளில் விபுலாநந்த அடிகளாகி, 1947இல் யாழ்நூலை வெளியிட்டு, நரம்பின் நீளத்துக்கும் அதில் எழும் சுருதிக்கும் உள்ள கணித சம்பந்தத்தைத் தமிழில் விளக்கிய அந்தப் பெரியாரும் இளமையில் கல்முனையிலே ஆங்கிலம் பயின்றவரே. அக்காலத்து ஆங்கிலப் பாடசாலை மாணவர் தொகையிற் சிலரே. ஆனால் அச்சிலருக்குக் கணிதமும் சரித்திரமும் அம்மொழியிலேயே போதிக்கப்பட்டபடியால், காலை முதல் மாலைவரை ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிற்காலத்தில் சுயபாஷைக் கல்வி வந்தது. அது நியாயமானதும் அவசியமானதுமான மாற்றமே என்பதில் எனக்கு ஐயமில்லை. அம்மாற்றத்தால் கல்வி எல்லோர் வாசலுக்கும் வந்தபோது, ஆங்கிலம் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுக்குள் சுருங்கியது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், ஆசிரியர் வாயே திறவாமல் நேரம் முழுவதையும் பிள்ளைகளுக்கே பகிர்ந்தளித்தாலும், ஒருவருக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிடம். இந்தக் கணக்கை எந்தப் போதனாமுறையாலும் மாற்ற முடியாது. யந்திரத்தின் உதவியை நாடவேண்டிய அவசியம் இங்கேதான் பிறக்கிறது.

யந்திரங்கள் வராமலும் இருக்கவில்லை. எடிசன் 1877இல் பேச்சைப் பதிந்து மீட்டும் கருவியைச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லிங்குவாஃபோன் நிறுவனம் பிறமொழிப் பாடங்களை ஒலிப்பதிவாக விற்கத் தலைப்பட்டது. பின்னர் வானொலி வந்தது, கசெட் வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1975-76இல் இந்தியா ஓர் அமெரிக்கச் செய்மதியின் துணைகொண்டு ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியபோது, அவ்வகைச் செய்மதிகளை 1945இலேயே கற்பனை செய்து எழுதியவரும் கொழும்பில் குடியேறியிருந்தவருமான ஆர்தர் கிளார்க்கின் வீட்டிலும் அந்த ஒளிபரப்பைப் பெறும் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டது. 2020இல் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில், இலங்கையிலும் பாடங்கள் தொலைக்காட்சி வழியாக வீடு தேடி வந்தன. இவ்வளவும் மெச்சத்தக்க முயற்சிகளே. ஆனால் இச்சாதனங்கள் யாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு: இவற்றுக்கு வாய் இருந்தது, செவி இல்லை. பிள்ளை சரியாகச் சொன்னாலும், பிழையாகச் சொன்னாலும், சொல்லாமலே கொட்டாவி விட்டாலும், பெட்டி தன்பாட்டில் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும்.

இக்குறை எவ்வளவு பாரதூரமானது என்பதைப் பரிசோதனை மூலம் காட்டியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றீசியா கூல் என்னும் அம்மையார். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம், சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசினர். நான்கு வாரங்களில் பன்னிரண்டு அமர்வுகள். முடிவில் அக்குழந்தைகள் சீனத்துக்கே உரிய நுண்ணிய ஒலிபேதத்தை இனங்கண்டுகொண்டன. அதே பேச்சை, அதே மனிதர்களை, அதே கால அளவுக்குத் தொலைக்காட்சித் திரையில் பார்த்த குழந்தைகளோ யாதொன்றும் கற்கவில்லை. 2003இல் வெளிவந்த இம்முடிவைக் கண்டு, திரைதான் தீது என்று சிலர் அவசரப்பட்டு முடிவுகட்டினர். அது சரியன்று என்பதை 2014இல் வெளிவந்த வேறோர் ஆய்வு புலப்படுத்தியது: இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள், திரையில் தோன்றியவர் தங்கள் சொல்லுக்கும் செயலுக்கும் அவ்வப்போதே பதிலிறுத்தபோது, நேரில் இருப்பவரிடம் கற்பதுபோலவே புதிய வினைச்சொற்களைக் கற்றனர், முன்னரே பதிவுசெய்த படத்தைப் பார்த்தபோது கற்கவில்லை. ஆகவே கண்ணாடித் திரை ஒரு தடையன்று. நாம் ஒன்று சொன்னால் அதற்கு ஏற்ப மற்றப் பக்கத்திலிருந்து ஒன்று வரவேண்டும். அந்தப் பிரதிவினையே மூளையின் கதவைத் திறக்கிறது. ஒன்பது மாதக் குழந்தையின் விதி பதினான்கு வயது மாணவனுக்கு அப்படியே பொருந்தாது என்பது மெய்யே. அவன் ஒலிப்பதிவிலிருந்தும் சிலவற்றைக் கற்பான். எவ்வளவு கற்பான் என்பதே கேள்வி.

செவியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். தாய்மொழி என்பது குழந்தையின் முதலாண்டுக்குள்ளேயே காதைப் பழக்கி, எந்த வேறுபாடு பொருளுடையது, எது புறக்கணிக்கத்தக்கது என்று தீர்ப்பளித்துவிடுகிறது. தமிழ்ச் செவிக்குக் குறிலும் நெடிலும் வெவ்வேறு. லகரமும் ளகரமும் ழகரமும் வெவ்வேறு. ஆனால் ‘பாம்பு’ என்னும் சொல்லில் முதலில் வரும் பகரமும் இறுதியில் வரும் பகரமும் ஒலியில் வேறுபட்டிருந்தும், நாம் அவற்றை ஓரெழுத்தாகவே எழுதுகிறோம், ஓரொலியாகவே எண்ணுகிறோம். இடத்தைப் பொறுத்து ஒலி தானே மாறிக்கொள்வதால் அவ்வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டிய அவசியமே நேர்வதில்லை. ஆங்கிலத்திலோ அவ்வேறுபாட்டின் மேலேயே நூற்றுக்கணக்கான சொற்சோடிகள் நிற்கின்றன. ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் இவ்வாறே ஒன்றாகக் கேட்கும். 1990களில் இந்தியானா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவர்களுக்குப் பயிற்சியளித்தபோது ஓர் அரிய உண்மை தெரியவந்தது. ஒரே ஒருவரின் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் அந்த ஒருவரின் பேச்சைத்தான் பிரித்தறிந்தார்கள், புதிய குரல் வந்ததும் தடுமாறினார்கள். ஐவரின் குரலை மாறிமாறிக் கேட்டுப் பழகியவர்களோ, முன்பின் கேளாத குரலையும் பிரித்தறிந்தார்கள். அத்திறன் மாதங்கள் கழிந்த பின்னும் நிலைத்திருந்தது. அதைவிட விசேஷம், கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்ற அவர்களுடைய உச்சரிப்பும் தானாகவே திருந்தியிருந்தது. ஒரே ஆசிரியரின் குரலையே ஆண்டு முழுவதும் கேட்கும் வகுப்பறைக்கு இம்முடிவு சொல்லும் செய்தி தெளிவானது. எவ்வளவு சிறந்த ஆசிரியராயினும் அவரிடம் இருப்பது ஒரு தொண்டையே. நூறு தொண்டைகளை ஒரு சட்டைப்பைக்குள் கொண்டுவந்து தருவது யந்திரத்தாலேயே ஆகும்.

இனி யந்திரத்தின் செவிக்கு வருவோம். மஹ்ரிப் தொழுகை முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியிருக்கும் நேரம். விறாந்தையில் ராத்தா (அக்கா) தன் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடிக்க, தம்பி குண்டூசிக்கு உரிய ஆங்கிலச் சொல்லை அதனிடம் சொல்கிறான். திரையில் குப்பைத்தொட்டிக்கு உரிய சொல் வந்து நிற்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’தான். அவன் இன்னும் உரத்துச் சொல்கிறான்; குப்பைத்தொட்டி அசையவில்லை. மூன்றாம் முறை கத்தியே விடுகிறான். அடுப்படியிலிருந்து உம்மாவின் அதட்டல் வருகிறதே தவிரத் திரையில் மாற்றமில்லை. “கத்தாத தம்பி, காத்த ஊதிச் சொல்லு” என்கிறாள் ராத்தா. அவன் உதட்டைக் குவித்து ஊதுவதுபோலச் சொன்னதும் குண்டூசி வந்துவிடுகிறது. ராத்தாவுக்கு ஒலியியல் தெரியாது. ஆனால் அவள் சொன்னது அச்சாஸ்திரத்தின் மிகப் புகழ்பெற்ற அளவீடுகளுள் ஒன்று.

உதடுகளை மூடித் திறந்து ஒலிக்கும்போது, உதடு திறக்கும் கணத்துக்கும் தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு கால இடைவெளி உண்டு. 1964இல் லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ரம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து வெளியிட்டனர். அப்பதினொன்றில் தமிழும் ஒன்று என்பதை நம்மவர் பலர் அறியார். ஆங்கிலேயக் குண்டூசியின் முதலொலியில், உதடு திறந்த பின் ஏறத்தாழ 60 மில்லிசெக்கன் வரை வெறுங்காற்று வெளிவருகிறது, அதன் பின்னரே குரல் எழுகிறது. குப்பைத்தொட்டியின் முதலொலியில் உதடு திறந்ததுமே குரல் எழுந்துவிடுகிறது. தமிழரின் வல்லெழுத்துப் பகரத்திலோ இடைவெளி பத்துப் பன்னிரண்டு மில்லிசெக்கன் மாத்திரமே. பன்னிரண்டு என்பது அறுபதைக் காட்டிலும் பூச்சியத்துக்கே கிட்டியது அன்றோ? ஆகவே ஆங்கிலச் செவிக்கு நம் குண்டூசி குப்பைத்தொட்டியாகக் கேட்பதில் வியப்பில்லை. குரலை உயர்த்துவதால் இந்த இடைவெளி நீளாது. அதனாலேயே தம்பியின் கத்தல் வீணாயிற்று.

கைத்தொலைபேசி இதனை எவ்வாறு அறிந்தது? ஒலிவாங்கியின் மெல்லிய தகடு காற்றழுத்தத்துக்கேற்ப அசைகிறது. அவ்வசைவைக் கருவி செக்கனுக்கு 16,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. இவ்வாறு அளந்தால் 8,000 ஹேர்ட்ஸ் வரையிலான அதிர்வுகள் பதிவாகும். பழைய தொலைபேசிக் கம்பியோ 3,400 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். சகரம் போன்ற உரசொலிகளின் சத்து பெரும்பாலும் அதற்கு மேலேயே இருப்பதால்தான், தொலைபேசியில் பெயர் சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. எண்களாகிய பேச்சை 25 மில்லிசெக்கன் அகலமுள்ள துண்டுகளாக, பத்து மில்லிசெக்கனுக்கு ஒன்று வீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. அதன் பின், முன்னரே லட்சக்கணக்கான மணித்தியாலப் பேச்சைக் கேட்டுப் பழகிய செயற்கை நரம்பு வலையமைப்பு ஒன்று, இந்தச் சக்திக் கோலம் எவ்வொலியாக இருத்தல் கூடும் என்று நிகழ்தகவு சொல்கிறது. உச்சரிப்பைத் திருத்தும் செயலிகளின் அடிப்படையும் இதுவே: எதிர்பார்த்த ஒலியாக இருக்கும் நிகழ்தகவையும், வேறெந்த ஒலியாகவேனும் இருக்கும் நிகழ்தகவையும் ஒப்பிட்டு, வித்தியாசம் பெரிதானால் பிழையென்று சிவப்புக் காட்டும். யந்திரம் ஒன்றையும் ‘புரிந்துகொள்வதில்லை’; தான் கேட்டுப் பழகிய வாய்களுக்கு இந்த வாய் எவ்வளவு அண்மையானது என்று மட்டும் அளக்கிறது.

இதே பரிசோதனையை அரை ரூபாயும் பெறாத உபகரணத்தாலும் செய்யலாம். மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன் இரண்டு விரற்கடை தூரத்தில் தொங்கவிட்டு, குண்டூசி என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கடதாசி துள்ளினால் காற்று போதும், அசையாவிட்டால் போதாது. ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமதியுள்ள கருவி சொல்லும் தீர்ப்பைத்தான் கடதாசியும் சொல்கிறது. ‘தொழில்நுட்பம்’ என்றதும் மின்சாரத்தை மட்டுமே நினைக்கும் அதிகாரிகளுக்கு இதனை ஒருமுறை செய்துகாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கடதாசியையும் கணினியையும் விடப் பழைய செல்வம் ஒன்று இருக்கிறது. அதனை ஆங்கில வகுப்புகள் பயன்படுத்திக் கண்டதில்லை. குர்ஆன் மதரஸாவுக்குப் போகும் முஸ்லிம் பிள்ளை, ஐந்தாறு வயதிலேயே தஜ்வீத் என்னும் ஓதல் முறைப்படி ஒவ்வோர் அறபு எழுத்தும் வாயின் எந்த ஸ்தானத்தில், எந்த முயற்சியால் பிறக்கிறது என்பதை லெப்பையிடம் பயில்கிறது. மேற்பல் கீழுதட்டைத் தொட ‘ஃபா’, நுனிநாக்குப் பல்லிடையே எட்டிப்பார்க்கக் காற்று உரசி வெளிவரும் ‘தா’, அதே இடத்தில் குரலும் சேர்ந்தொலிக்கும் ‘தால்’, தேனீ இரைவதுபோல் அதிரும் ‘ஸாய்’, தொடக்கத்திலேயே குரலோடு பிறக்கும் ‘பா’ என்னும் இவ்வொலிகள் தமிழ் எழுத்துவரிசையில் இல்லாதவை, ஆங்கிலத்துக்கோ இன்றியமையாதவை. ஆங்கில ஆசிரியர் ஒருவர் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில் பாதியை அந்த நாவு ஏற்கெனவே அறியும். ஆனால் ஒன்பது மணிக்கு ஆங்கில வகுப்பில் அமர்ந்ததும், அதிகாலையில் தான் துல்லியமாக ஓதிய அதே ஒலியைப் பிள்ளை மறந்து, பல்லிடை உரசொலிக்குப் பதிலாகத் தகரத்தை வைத்துவிடுகிறது. காரணம், இரண்டும் ஒன்றே என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. எட்டாம் நூற்றாண்டில் ஸீபவைஹி என்னும் இலக்கணப் பேராசான் அறபு ஒலிகளின் பிறப்பிடங்களை வகுத்தார். நம் தொல்காப்பியரோ பிறப்பியலிலே, உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைத்து, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாவதை அதற்கு வெகுமுன்னரே விளக்கினார். தேவாரம் ஓதும் பிள்ளையும் கிராஅத் ஓதும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழும் ஊரில், உச்சாரண சாஸ்திரத்துக்கு இறக்குமதி செய்த உதாரணம் தேவையே இல்லை.

மதரஸாவைச் சொன்னபோது ஞாபகசக்தியைப் பற்றியும் சொல்லிவிடலாம். 1885இல் ஜெர்மானியரான ஹெர்மான் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, மறதியின் வேகத்தை அளந்தார். கற்ற ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. எஞ்சியது மெல்லமெல்லக் கரைகிறது. மறக்கப்போகும் தறுவாயில் ஒருமுறை நினைவூட்டினால் அடுத்த மறதி தாமதிக்கும் என்னும் உண்மையை வைத்து, 1987இல் போலந்து மாணவர் ஒருவர் சூப்பர்மெமோ என்னும் கணினி நிரலை எழுதினார். இன்று டூயோலிங்கோ முதலிய செயலிகள் ஒவ்வொரு சொல்லையும் எந்த நாளில் மீண்டும் கேட்பது என்று கணக்கிடுவது அவ்வழியிலேயே. குர்ஆனின் முப்பது ஜுஸ்உகளையும் மனனமாக்கும் ஹிப்ழு மாணவன், அன்றைய புதுப் பாடம், அண்மையில் முடித்த பாடம், எப்போதோ முடித்த பாடம் என மூன்றையும் நாள்தோறும் உஸ்தாதிடம் ஒப்புவிக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கில் புதுமை தோன்றாது. யந்திரம் கூட்டித் தருவது தனிப்பட்ட நாட்குறிப்பு ஒன்றை மட்டுமே.

யந்திரச் செவியின் மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அதனை இலேசாக விட்டுவிட முடியாது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்னும் பேச்சறி நிரல் 6,80,000 மணித்தியால ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகியது. அதில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த பங்கு ஏறத்தாழ 1,17,000 மணித்தியாலங்கள். ஆங்கிலப் பங்கிலும் கிழக்கிலங்கையார் பேசும் ஆங்கிலம் எத்தனை துளி இருந்திருக்கும் என்று கேட்கவே தேவையில்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அமேசன், ஆப்பிள், கூகிள், ஐபிஎம், மைக்ரோசொஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் நிரல்களைச் சோதித்தபோது, வெள்ளை அமெரிக்கரின் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களைப் பிழையாகக் கேட்ட அவை, கறுப்பின அமெரிக்கரின் பேச்சில் 35 சொற்களைப் பிழையாகக் கேட்டன. பிறந்தது முதல் ஆங்கிலமே பேசுவோருக்கே இந்த அநீதி என்றால், நம் பிள்ளையின் திரையில் எரியும் சிவப்பு நிறம் எல்லாம் அதன் பிழை என்று எவ்வாறு கொள்வது? உச்சரிப்பில் அயல்சாயல் தெளிவாக இருந்தும் கேட்போருக்குப் பொருள் முழுவதும் விளங்கும் சந்தர்ப்பங்கள் பல என்பதை மன்றோ, டெர்விங் என்னும் கனேடிய அறிஞர்கள் 1995இலேயே நிறுவியுள்ளனர். இலங்கையர் பேசும் ஆங்கிலத்தில் குண்டூசியின் காற்று எப்போதும் குறைவே. கொழும்பில் அதனால் எவரும் குப்பைத்தொட்டியை எடுத்துவந்து நீட்டுவதில்லை. யந்திரம் காட்டும் பிழைகளுள் பொருளைக் கெடுப்பவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துத் திருத்துவது ஆசிரியரின் விவேகத்துக்குரிய வேலை. அதனைச் செயலியிடம் ஒப்படைத்தால், பிள்ளை தன் ஊர்க்குரலையே குற்றமாக எண்ணிக் கூசிப்போகும்.

ஆசிரியரே இல்லாமல் யந்திரம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கும் அயலிலேயே பரீட்சை நடந்திருக்கிறது. 1999இல் டில்லியில் சேரியை ஒட்டிய சுவரில் கணினி பதித்துப் பெயர்பெற்ற சுகத மித்திரா, பின்னர் ஹைதராபாத்தில் 16 பிள்ளைகளிடம் பேச்சை எழுத்தாக்கும் நிரலையும் சில ஆங்கிலத் திரைப்படங்களையும் கொடுத்துவிட்டு, எழுத்து சரியாக வரும்வரை முயலுங்கள் என்று மட்டும் சொன்னார். சில மாதங்களில் பிள்ளைகளின் உச்சரிப்புத் தெளிவடைந்தது. ஏனெனில் இம்முறை பெட்டிக்குச் செவி இருந்தது. அடுத்து அவர் சென்றது காளிக்குப்பம் என்னும் தென்னிந்தியக் கிராமத்துக்கு. அங்கே 10 முதல் 14 வயதான தமிழ்ப் பிள்ளைகளிடம், உயிரணுவின் மரபுப்பொருள் தன்னைத்தானே பிரதியெடுக்கும் விதத்தைப் பற்றிய ஆங்கிலப் பாடத்தைக் கணினியில் வைத்துவிட்டு ஒதுங்கினார். மொழியும் தெரியாமல் விஷயமும் தெரியாமல் தொடங்கிய பிள்ளைகள், தமக்குள் பேசிப்பேசியே நூற்றுக்கு 30 புள்ளி அளவுக்கு உயர்ந்தனர். அதற்குமேல் தள்ளியது புதிய நிரல் அன்று: அறிவியல் அறியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண் பின்னால் நின்று, “அட, இது எப்படி வந்தது? எனக்கும் காட்டு” என்ற பாவனையில் வியந்துகொண்டிருந்ததே. புள்ளிகள் 50 அளவுக்கு ஏறின. மித்திராவின் சுவர்க் கணினிகளுள் சில காலப்போக்கில் கைவிடப்பட்டுப் பாழடைந்தமையைப் பாயல் அரோரா என்னும் ஆய்வாளர் இமயமலைச் சாரல் ஊர்களில் நேரிற் கண்டு எழுதியிருக்கிறார். அதனையும் சேர்த்தே இவ்வெற்றியை மதிப்பிட வேண்டும். என் அபிப்பிராயத்தில், காளிக்குப்பத்தின் முக்கிய கண்டுபிடிப்பு கணினி அன்று, அந்தப் பெண்ணே. நற்பிட்டிமுனையில் அவள் இடத்தை மூத்தம்மா ஒருவரும் நிரப்பலாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அந்த நாட்களைக் கண்டவர்கள், பெரிய திரைகளையும் குளிரூட்டிய மொழி ஆய்வுகூடங்களையும் நம்பித் திட்டம் தீட்டமாட்டார்கள். குரல் செய்தியோ மிகச் சிறியது: இன்றைய சுருக்கமுறையில் ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ 120 கிலோபைற்று. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் செய்யும் வாப்பாமாருக்குப் பிள்ளைகள் நாள்தோறும் அனுப்பும் குரல் செய்திகளால் இவ்வூர் வீடுகள் அச்சாதனத்தில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவை. பேச்சறி நிரல்களின் சிறிய வடிவங்கள் இணையமே இன்றிக் கைத்தொலைபேசிக்குள் இயங்கவும் தொடங்கிவிட்டன.

எஞ்சியிருப்பது எதைப் பேசுவது என்னும் கேள்வி. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பாடசாலைகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணமும் சொற்பட்டியலும் விட்டு, ரயில் நேரசூசி, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொடுத்து, ஒரு பிரச்சினையைத் தீர்க்கச் சொன்னார். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே பேச்சு எழ வேண்டும் என்பது அவர் கொள்கைகளுள் ஒன்று. அத்தகைய இடைவெளி நம் நாட்டிலும் உண்டு. இலங்கையின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்புமொழி என்கிறது. இணைக்கப்பட வேண்டியவர்களோ ஒரே அம்பாறை மாவட்டத்துக்குள் கரையோரத்திலும் உட்பகுதியிலும் ஒருவரையொருவர் அறியாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்பாறை நகரத்துச் சிங்களப் பிள்ளை ஒன்று, கிட்டங்கித் தாம்போதி என்றால் என்ன, மாரிகாலத்தில் அதன் வழியே பயணம் ஏன் நின்றுபோகிறது, அப்போது நாவிதன்வெளிப் பிள்ளைகள் எப்படிக் கல்முனைக்கு வருகிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் செய்தி அனுப்பினால், அதற்கு விடை எந்தச் செயலியிலும் இல்லை, எந்தப் பாடநூலிலும் இல்லை. நற்பிட்டிமுனைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். முதல் பதிவைத் தானே கேட்டுப்பார்த்து, வெட்கப்பட்டு அழித்து, ராத்தாவிடம் ஒரு சொல் கேட்டு, மறுபடியும் பதிந்து, ஒரு வழியாக அனுப்பிவிட்டால், மறுநாள் அங்கிருந்து வரும் கேள்வி அதைவிடக் கடினமானதாக இருக்கும்.